சீட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது, பையைப் பார்க்க யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர்கள் போதவில்லை என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கூட்டமும் உண்மை, டாக்டருக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் கட்டுரை டாக்டரின் மேஜையோடு நின்றுவிட்டது. அந்த மேஜையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வருகிறவர் அடுத்து வந்து நிற்பது என் ஜன்னலில்தான். 20 வருடத்துக்கு மேலாக அந்த ஜன்னலுக்கு உள்ளே நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிற மருந்தாளுநர் நான், அதனால் கட்டுரை விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு அம்மாவின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுபதைத் தொட்ட வயது, பிரஷர், சுகர் இரண்டும் உண்டு, மாதம் தவறாமல் வருவார். ஒரு நாள் நல்ல மழை, வரிசையே இல்லை. எந்த மாத்திரை தீர்ந்தது, எது மிச்சம் இருக்கிறது என்று தனக்கே குழப்பமாக இருக்கிறது என்று சொல்லி, கையிலிருந்த பையை அப்படியே என் முன்னால் கவிழ்த்துவிட்டார். பாதி கிழித்த அட்டைகள், பெயர் போன இடத்தில் வெள்ளித் தாள் மட்டும் மிஞ்சிய அட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட பழைய சீட்டுகள். வேலை இல்லாத நேரம் என்பதால் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

முதலில் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். அது போதாமல் 10 ஆக்கியிருக்கிறார்கள். 10 ஆக்கிய சில வாரத்தில் கால் வீங்கியிருக்கிறது. அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவுதான், ஆனால் அன்று இருந்த டாக்டர் வேறு ஒருவர், வீக்கத்தை வீக்கமாகப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை எழுதியிருக்கிறார். அந்த மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும். சில மாதம் கழித்துக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, படுக்கைத் துணி உரசினாலே உயிர் போகிற வலி. அதற்கு டைக்ளோஃபினாக். வலி மாத்திரையால் வயிறு எரிந்தது, அதற்கு ஒமிப்ரசோல். வலி மாத்திரை விடாமல் போனால் பிரஷரும் ஏறும், ஏறியது, அதற்கு எனலாப்ரில் கூடச் சேர்ந்தது. ஏற்கெனவே சுகருக்கு இருந்த மெட்ஃபார்மின், ஒரு சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து மொத்தம் ஏழு. எலி கோவணத்தைக் கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கிய சாமியார் கதைதான், வேறொன்றுமில்லை.

இதில் நிஜமாகவே பயந்தது மூன்று மாத்திரைகளைப் பார்த்துத்தான். எனலாப்ரில், நீர் மாத்திரை, டைக்ளோஃபினாக் மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தை மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கும். வயதானவர், கூடவே சுகர், அப்புறம் ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றினால் போதும். சீட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார், "யார் எழுதியது" என்று ஒன்றும் கேட்கவில்லை, உடனே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் எடுக்கச் சொன்னார். கிரியேட்டினின் ஏறித்தான் இருந்தது. வலி மாத்திரையும் நீர் மாத்திரையும் அன்றே நின்றன, அம்லோடிபின் 5க்கு இறங்கியது, எனலாப்ரிலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து கிரியேட்டினின் இறங்கிய பிறகு திரும்ப ஆரம்பித்தார். ஒமிப்ரசோலும் சத்து மாத்திரையும்கூடப் போய், ஏழு மாத்திரை மூன்றாகியது. செருப்பு திரும்பக் காலில் ஏறுகிறது என்று அந்த அம்மா ஜன்னல் வழியாகவே காலைத் தூக்கிக் காட்டப் பார்த்தார்.

இதில் யார் மேல் குற்றம்? எந்தச் சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பு இல்லை. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, விரல் வலிக்கு வலி மாத்திரை, ஏறிய பிரஷருக்கு இன்னொரு பிரஷர் மாத்திரை. அன்றன்றைக்கு அந்தந்த டாக்டர் தன் முன்னால் இருந்ததைப் பார்த்திருக்கிறார். என்னையும் சொல்லவேண்டும். அந்த ஏழில் பெரும்பாலானதை எண்ணிக் கொடுத்தது இதே கைதான். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று அட்டையில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். மழை பெய்யாமல் இருந்திருந்தால் அடுத்த மாதமும் கொடுத்திருப்பேன்.

ஆசிரியர் அவர்களே, ஒரு நோயாளியின் சிறுநீரகம் மழையை நம்பி இருக்கக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. சீட்டு சீட்டாகப் பார்க்க ஆள் இருக்கிறது. பையை மொத்தமாகக் கவிழ்த்துப் பார்ப்பது யாருடைய வேலை என்று கேட்டால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் யாரும் கையைத் தூக்குவதில்லை. கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்பவரின் வேலை அதுதான்.

பார்மசிஸ்ட்தான் ஏற்கெனவே இருக்கிறாரே என்று கேட்பவர்களுக்கு: நான் இருப்பது மருந்துக்குக் காவலாக. கையிருப்பு, காலாவதித் தேதி, குளிர்பெட்டியின் வெப்பநிலை, பதிவேடு, வரிசை, நடுவில் ஒருவருக்கு அரை நிமிடம். அந்த ஜன்னலில் நின்றுகொண்டு நோயாளியின் ரத்தப் பரிசோதனையை நான் பார்க்கமுடியாது, பழைய கேஸ் ஷீட்டைப் பார்க்கமுடியாது, பின்னால் இருபது பேர் நிற்கும்போது "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்" என்று கேட்கமுடியாது. கிளினிக்கல் பார்மசிஸ்டுக்கு ஜன்னல் இல்லை, மேஜையும் எதிரில் ஒரு நாற்காலியும் உண்டு. நோய் என்ன, பரிசோதனை முடிவு என்ன, இந்த மருந்து இந்த ஆளுக்கு இந்த அளவில் இன்னும் தேவையா என்று பார்த்து டாக்டரிடம் சொல்வது, நோயாளியிடம் பேசுவது, அடுத்த முறை வரும்போது பலித்ததா என்று திரும்பப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. 1990இலேயே ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதை எழுதிவிட்டார்கள்: மருந்தைக் கையில் கொடுத்ததோடு மருந்தாளுநரின் பொறுப்பு முடியவில்லை, அந்த மருந்தால் விளைகிற பலனுக்கும் அவர் பொறுப்பு என்று. பெரிய ஆஸ்பத்திரிகளில் வார்டு ரவுண்ட்ஸில் இவர்களைப் பார்க்கலாம். ஆனால் பிரஷரும் சுகரும் தைராய்டும் வருடக்கணக்காக மருந்து வாங்குவது வார்டில் இல்லையே, ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.பி.யில்தானே.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்னவெல்லாம் வெளியே வரும் என்பதற்கு நான் ஜன்னல் வழியாகவே பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன். இன்ஹேலரை மூன்று வருடமாக உபயோகிக்கிறவரிடம் "ஒரு தடவை செய்து காட்டுங்கள்" என்றேன். மருந்தை வாய்க்குள் அடித்துவிட்டு அதற்கப்புறம் மூச்சை இழுத்தார், மருந்து முழுக்க நாக்கிலும் தொண்டையிலும். அவருக்கு மருந்து கேட்கவில்லை என்று இரண்டு முறை இன்ஹேலரை மாற்றியிருந்தார்கள். இன்னொருவர் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் ஒழுங்காகப் போடுகிறார், கூடவே கால்சியம் மாத்திரையையும் அதே தண்ணீரில் விழுங்கிவிடுகிறார். கால்சியம் அந்தத் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போகிறது, தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கிற டி.எஸ்.ஹெச். மட்டும் இறங்கவில்லை. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், அவர்கள் என்ன செய்வார்கள்?

இன்சுலின் தனிக் கதை. தினமும் வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அந்த இடம் கட்டி தட்டிப் போயிருக்கும். அங்கே வலி குறைவு என்பதால் அங்கேயே குத்துவார்கள். கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது ரத்தத்தில் சேரும் என்று சொல்லமுடியாது, சுகர் ஏறும், டாக்டர் யூனிட்டைக் கூட்டுவார். பிறகு புத்திசாலி யாராவது இடத்தை மாற்றிக் குத்தச் சொல்லிவிட்டு அளவைக் குறைக்கச் சொல்லாமல் விட்டால், கூட்டி வைத்த யூனிட் எல்லாம் ஒரே நாளில் வேலை செய்து சுகர் தரைமட்டத்துக்கு இறங்கி மயக்கம் வரும். சட்டையைத் தூக்கி அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. ஜன்னலில் யார் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்?

அப்புறம், மருந்தே போடாதவர்கள். நீண்ட கால நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் பணக்கார நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் ஒரு அறிக்கையில் சொன்னது, மற்ற நாடுகளில் அதைவிடக் குறைவு. டாக்டரிடம் யாரும் "போடவில்லை" என்று சொல்வதில்லை, திட்டுவார் என்று பயம். என்னிடம் சில பேர் சொல்வார்கள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. காரணத்தைக் கேட்டால் சோம்பேறித்தனம் குறைவாகத்தான் இருக்கும். நீர் மாத்திரை போட்டால் பஸ்ஸில் போகமுடியவில்லை என்பார் ஒருவர். பிரஷர் நார்மல் என்று சொன்னார்களே, அப்புறம் எதற்கு மாத்திரை என்பார் இன்னொருவர். அந்தக் கேள்வியில் தவறே இல்லை, பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் தவறு. போடாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அதன் மேல் இன்னொரு மாத்திரை எழுதப்படுகிறது, என்றைக்காவது ஆஸ்பத்திரியில் சேர்ந்து நர்ஸ் கையால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடும்போது பிரஷர் சரிந்து விழுகிறது.

டாக்டர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்குகிற நேரத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது, உலக மக்கள்தொகையில் பாதியளவு வாழ்கிற 18 நாடுகளில் அது 5 நிமிடமோ அதற்கும் கீழேயோதான். 5 நிமிடத்தில் நோயைக் கண்டுபிடிப்பாரா, ஏழு மாத்திரையை அடுக்கிப் பார்ப்பாரா?

இது வேலை செய்யுமா என்றால், செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 72 குடும்ப மருத்துவ மையங்களில் நடந்த ஒரு ஆய்வு 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பாதி மையங்களுக்கு ஆபத்தான மருந்துச் சேர்க்கைகள் யார் யாருக்கு இருக்கின்றன என்று கம்ப்யூட்டர் பட்டியல் மட்டும் கொடுத்தார்கள், மீதிப் பாதிக்கு அந்தப் பட்டியலோடு ஒரு பார்மசிஸ்டும் 12 வாரம் கூட இருந்து டாக்டர்களோடு உட்கார்ந்து சரி செய்தார். வயிற்றுப் புண் வந்தவருக்குப் பாதுகாப்பு மாத்திரை இல்லாமல் வலி மாத்திரை, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடிய பீட்டா பிளாக்கர் என்ற பிரஷர் மாத்திரை, ரத்தப் பரிசோதனையே பார்க்காமல் வயதானவர்களுக்கு எனலாப்ரில் வகையோ நீர் மாத்திரையோ, இந்த மூன்று வகைத் தவறுகளும் ஆறு மாதத்தில் பார்மசிஸ்ட் இருந்த இடங்களில் கணிசமாகக் குறைந்திருந்தன. பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் போதாது, உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 2015இல் அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவை குடும்ப டாக்டர்களின் மையங்களிலேயே கிளினிக்கல் பார்மசிஸ்டுகளை வைத்துப் பார்க்க ஆரம்பித்தது, இப்போது அது அங்கே சாதாரண விஷயம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. அங்கே 52 முடிதிருத்தும் கடைகளில், பிரஷர் கட்டுக்குள் இல்லாத 319 கறுப்பின ஆண்களிடம் செய்தது. ஒரு பகுதிக் கடைகளில் முடிவெட்டுபவரே வாடிக்கையாளரிடம் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொன்னார். இன்னொரு பகுதியில் பார்மசிஸ்ட் கடைக்கே வந்து பிரஷர் பார்த்து, அவரவர் டாக்டரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மருந்தையும் அங்கேயே மாற்றினார். ஆறு மாதத்தில் முதல் வகையில் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்தது, பார்மசிஸ்ட் வந்த கடைகளில் 27 புள்ளி. 2018இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன் என்று சொன்னால் மிகை இல்லை.

சரி, எல்லாமே வெற்றியா என்றால் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 80 வயது தாண்டியவர்களின் வீட்டுக்கு பார்மசிஸ்டுகளை இரண்டு முறை அனுப்பிப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 2005இல் வந்தது, அதில் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை, கூடிவிட்டது, சுமார் 30 சதவீதம். இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை, எனக்கு அது பிடிக்கவில்லை. டாக்டரிடமிருந்து தனியாகப் பிரித்து, இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி ஒரு ஆளை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் கருத்து. அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உள்ளே, டாக்டர் அறைக்குப் பக்கத்தில், அதே கேஸ் ஷீட்டோடு என்று வற்புறுத்துகிறேன். சந்தேகம் வந்தால் எழுந்து நாலு அடி நடந்து கேட்கிற தூரத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் அதிகாரத்தில் கை வைக்கிறார்கள் என்று சில டாக்டர்கள் முணுமுணுப்பார்கள், தெரியும். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்ற கடைசி வார்த்தை டாக்டருடையதாகவே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கேள்வி கேட்கும் உரிமையும் அந்தக் கேள்வி கேஸ் ஷீட்டில் எழுத்தில் பதிவாகிற இடமும் இருந்தால் போதும். நான் பார்த்தவரை, சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது சிடுசிடுத்த டாக்டர்களும் மூன்றாவது முறை அவர்களாகவே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பயம் டாக்டர்கள் பக்கத்திலிருந்து வருவதில்லை, நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்று ஒருவரை நியமிப்பார்கள், இரண்டு வாரம் நன்றாக நடக்கும், மூன்றாவது வாரம் கையிருப்புக் கணக்கை அவரிடம் தள்ளுவார்கள், நான் லீவு போட்டால் ஜன்னலில் அவரை நிறுத்துவார்கள், ஆறு மாதத்தில் அவரும் என்னைப்போல மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பார். அப்புறம் "வைத்துப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை" என்று ஒரு அறிக்கை வரும். கையிருப்பும் வரிசையும் அவர் வேலை இல்லை என்று நியமன உத்தரவிலேயே எழுதவேண்டும். அவர் வேலையை எண்ணிக்கையால் அளக்கவும் கூடாது. இன்று எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் அவரும் அரை நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓட்டிவிடுவார். எத்தனை தேவையில்லாத மருந்து நின்றது, எத்தனை பேருக்குச் சரியான நேரத்தில் சிறுநீரகப் பரிசோதனை நடந்தது என்று கேட்கட்டும்.

எல்லா இடத்திலும் முழு நேரமாக வைக்க ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. நாலைந்து நிலையங்களுக்கு ஒருவர், வாரத்தில் ஒரு நாள் ஒரு இடம் என்று ஆரம்பிக்கலாம். வருகிற எல்லாரையும் பார்க்கவும் தேவையில்லை. ஐந்து மருந்துக்கு மேல் போடுகிறவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், இன்சுலின் புதிதாக ஆரம்பித்தவர்கள், மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்தில் இருப்பவர்கள் (இதைத் தினமும் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு), ஆஸ்பத்திரியிலிருந்து புதுச் சீட்டோடு திரும்பி வந்து பழைய சீட்டையும் விடாமல் வைத்திருப்பவர்கள். இவர்களை நான் ஜன்னலிலிருந்தே பிரித்து அனுப்பிவிடுவேன், முகத்தைப் பார்த்தாலே தெரியும், சில சமயம் பையின் கனத்தைப் பார்த்தாலே.

தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துப் பாதிப்புகளை 5 வருடத்தில் பாதியாகக் குறைப்பது என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு இலக்கு வைத்தது. இலக்கு நல்லதுதான். அந்த அம்மாவின் பையை எந்த மேஜையில் கவிழ்ப்பது என்பதைத்தான் ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

இடம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். எங்கள் மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் காலி அட்டைப்பெட்டி போட்டு வைக்கிற ஒரு சின்ன அறை இருக்கிறது. போன வாரம் டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு மேஜை, மூன்று நாற்காலி போடலாம், மூன்றாவது கூட வருகிறவருக்கு. கதவு சாத்தினால் சாத்திக்கொள்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்)